புண்ணாக்குத் தண்ணி

சில வார்த்தைகளைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதில் முதல் வார்த்தை 'புண்ணாக்குத் தண்ணி'. காங்கேயம் பக்கம் ஒரு சமையல் எண்ணெய் ஆலையில், கழிவுநீரைச் சுத்தம் செய்யும் பிரிவுக்கு நான் கெமிஸ்டாகச் சேர்ந்தேன். போன முதல் நாளே அந்த வார்த்தை காதில் விழுந்தது. "வாங்க மேடம், நம்ம புண்ணாக்குத் தண்ணித் தொட்டியப் பாத்துருவோமுங்க" என்று மேனேஜர் என்னை அழைத்துப் போனார். எந்தப் புண்ணாக்கை யார் ஊற வைத்தார்கள் என்று நானும் விளங்காமல் பின்னாலேயே போனேன்.

தொட்டியைப் பார்த்ததும் விளங்கியது. எண்ணெயில் இருக்கும் புளிப்பை எடுக்கக் காஸ்டிக் சோடா கலப்பார்கள். அது எண்ணெயில் கொஞ்சத்தைச் சோப்பாக மாற்றிவிடும். பிறகு வெந்நீர் விட்டு அந்தச் சோப்பை அலசுவார்கள். அலசிய தண்ணீர்தான் இந்தத் தொட்டிக்கு வருகிறது. வெள்ளைவெளேர் என்று, வெதுவெதுப்பாக, தேங்காய் எண்ணெய் வாசத்தோடு. மாட்டுக்குப் புண்ணாக்கு ஊற வைத்த தண்ணீரும் இப்படித்தான் இருக்கும், இப்படித்தான் மணக்கும். ஒடிசாவிலிருந்து வந்து வேலை பார்த்தவர்கள் இதை 'தூத் பானி' என்றார்கள். அவர்கள் ஊரில் பால், இவர்கள் ஊரில் புண்ணாக்கு. கழிவு என்று சொல்ல அந்த ஆலையில் ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

இந்தச் சீமையில் புண்ணாக்குத் தண்ணீர் என்பது மரியாதையான பொருள். கறவை மாட்டுக்கு வைத்தால் பால் கூடும், தென்னைக்கு ஊற்றினால் குலை தள்ளும். அந்தப் பெயரைக் கொண்டுபோய்க் காரத்திலும் சோப்பிலும் ஊறிய கழிவுக்கு வைத்திருந்தார்கள். யார் வைத்தது என்று விசாரித்தேன். யாரும் வைக்கவில்லையாம், தானாக வந்ததாம். தானாக வருகிற பெயர்களை நான் நம்புவதில்லை. அதனால் யாருக்கோ வசதி இருக்கும்.

அதற்கு முன்னால் பதினோரு வருஷம் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் ஈ.டி.பி.யில் இருந்தேன். கழிவுநீர் நிலையத்தைத் திருப்பூரில் யாரும் முழுப் பெயர் சொல்லி அழைப்பதில்லை, ஈ.டி.பி. என்றால் பெட்டிக்கடைக்காரருக்கும் தெரியும். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து, கட்டிங் மாஸ்டரான கணவரோடு இந்த ஊருக்கு வந்தவள் நான். அவர் பனியன் துணியை வெட்டினார், நான் அந்தத் துணி கக்கிய சாயத்தோடு மல்லுக்கட்டினேன். சாயத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அது தன்னை மறைத்துக்கொள்ளாது. இன்றைக்குச் சிவப்பு, நாளைக்கு நீலம் என்று ஊருக்கே தெரிய ஓடும். மாசு என்றால் என்ன என்று யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆற்றையும் கிணற்றையும் பறிகொடுத்துத்தான் இந்த மக்கள் அதைப் படித்தார்கள். ஆனால் படித்தது ஒரு பாதிதான். நிறம் இருந்தால் நஞ்சு என்று படித்தார்கள். நிறம் இல்லாவிட்டால் நல்ல தண்ணீர் என்று மீதிப் பாதியைத் தாங்களே சேர்த்துக்கொண்டார்கள்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நானும் சாயப்பட்டறைப் புத்தியோடுதான் போனேன். அங்கே மருந்து போட்டால் அழுக்கு அடியில் படியும், தெளிந்த தண்ணீர் மேலே நிற்கும், மேல் வால்வைத் திறந்து அதை அடுத்த தொட்டிக்கு விடலாம். அதே கையோடு எண்ணெய் ஆலையிலும் மருந்தைப் போட்டுக் காத்திருந்து மேல் வால்வைத் திறந்தேன். கெட்டித் தயிர் மாதிரி ஒரு சனியன் திபுதிபுவென்று அடுத்த தொட்டியில் போய் விழுந்தது. எண்ணெய் அழுக்கு மிதக்கும் என்பது சமையல்கட்டில் நிற்கிற எவளுக்கும் தெரியும். பட்டப்படிப்புப் படித்த எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. பம்ப் ஆபரேட்டர் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்று, "ஏனுங்க மேடம், திருப்பூர்ல எண்ணெய் முங்குமுங்களா?" என்று கேட்டார். கேட்டதில் மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை. இந்த ஊரில் கழுத்தை அறுப்பதென்றாலும் 'அறுக்கட்டுங்களா' என்று கேட்டுவிட்டுத்தான் அறுப்பார்கள்.

அதன் பிறகு பீக்கரை எடுத்து வைத்துக்கொண்டு முதலிலிருந்து கற்றுக்கொண்டேன். தண்ணீரின் புளிப்பையும் காரத்தையும் சொல்ல பி.எச். என்று ஓர் எண் உண்டு. ஏழு என்றால் நடுநிலை. அதற்கு மேலே போகப் போகக் காரம், கீழே வர வரப் புளிப்பு. எங்கள் தொட்டித் தண்ணீர் பத்துக்கு மேல் இருந்தது. எண்ணெயும் சோப்பும் தண்ணீரும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு கிடப்பதால்தான் அந்த வெள்ளை. அதைப் பிரிக்க ஆசிட்டை விட்டு, ஏழைத் தாண்டி, இரண்டு இரண்டரை வரைக்கும் இறக்க வேண்டும். அங்கே போனால்தான் சோப்பு தன் பிடியை விடும். எண்ணெய் மேலே வரும். அதை வழித்தெடுக்க வேண்டும். பிறகு சுண்ணாம்பு போட்டு ஏழுக்கு ஏற்ற வேண்டும். அப்புறம் படிகாரம், அதன் பின் பாலிமர், மிதக்கிறதை மறுபடி வழிப்பது. இவ்வளவும் முடிந்த பிறகும் அது குடிக்கிற தண்ணீர் ஆகிவிடாது, நுண்ணுயிர்த் தொட்டிக்கு அனுப்பத் தகுதியாகும், அவ்வளவுதான். எல்லாம் சேர்ந்து முக்கால் நாள் பிடிக்கும். அவசரப்பட்டால் எதுவும் நடக்காது.

மேனேஜருக்கு இதில் பிடிக்காதது அந்த முக்கால் நாள். தொட்டி காலியானால்தான் அடுத்த அலசல் தண்ணீரை விட முடியும், அதை விட்டால்தான் எண்ணெய் ஓடும். ஒரு நாள் என் மேஜைக்கு வந்து, எதிரில் உட்காராமல் நின்றுகொண்டே கேட்டார்.

"மேடம், ஒரு சந்தேகமுங்க. கடைசியா நமக்கு வேணுங்கறது ஏழுதானுங்க?"

"ஆமா சார்."

"இப்ப பத்துல இருக்குதுங்க. பத்துலிருந்து நேரா ஏழுக்கு வந்தரலாமுல்லீங்க? எதுக்குங்க ரெண்டு வரைக்கும் போயிட்டு, மறுக்கா சுண்ணாம்பு போட்டு மேல ஏத்தோணும்? காங்கேயத்துலிருந்து திருப்பூர் போறவன் தாராபுரம் போயிட்டா வருவானுங்க?"

சிரித்துவிட்டேன். கேள்வி அவ்வளவு நன்றாக இருந்தது. பிறகு பொறுமையாகச் சொன்னேன். "சார், ஏழுல நிறுத்தினா காரம் மட்டும்தான் போவும். எண்ணெய் தண்ணிக்குள்ளேயேதான் கெடக்கும். ரெண்டுக்குப் போனாத்தான் அது வெளிய வரும்." அவர் தலையைத் தலையை ஆட்டினார். "கரெக்டுங்க, கரெக்டுங்க" என்றார். எங்கள் ஊரில் ஒரு ஆளுக்குப் பிடிக்கவில்லை என்றால் கத்துவான், நாமும் திரும்பக் கத்தலாம். தலையாட்டுகிறவனோடு என்ன சண்டை போடுவது? கேட்டுக்கொண்டார் என்றே நினைத்தேன்.

ஊரில் கோயில் கொடை விழாவுக்காக நான்கு நாள் லீவில் போனேன். திரும்பி வந்தபோது பெரிய தொட்டி நிறைந்திருந்தது. வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. ஆசிட் கேன்களில் பாதிக்கு மேல் தொடப்படவே இல்லை. மேனேஜர் பக்கத்திலேயே நின்று, "சித்த அளந்து பாத்துச் சொல்லீருங்க மேடம்" என்றார். மீட்டரை விட்டுப் பார்த்தேன். ஏழு. கச்சிதமாக ஏழு.

"எண்ணெய் அப்படியே இருக்கு சார். இத வெளிய விடக்கூடாது."

"வெளிய எங்கீங்க உடறோம்? இங்கதானுங்க இருக்குது. ஃபைலுக்கு ஒரு சீட்டு மட்டும் எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தேன். பெரிய தொட்டி, தேதி, பி.எச். ஏழு, கீழே என் கையெழுத்து. நான் அளந்தது சரி, எழுதிய எண்ணும் சரி. எண்ணெய் கலந்திருக்கிறது என்று இரண்டு வார்த்தை சேர்த்து எழுத என் பேனாவில் மையும் இருந்தது. அவர் ஃபைலுக்கு என்று சொன்னார், எனக்கு வேறு வேலை இருந்தது, எழுதவில்லை. இன்றைக்கு வரைக்கும் அந்த மேனேஜர் மேல் எனக்கு இருக்கும் ஆத்திரத்தில் சரிபாதியை அந்தச் சீட்டை எழுதிய என் கையின் மேல் வைத்திருக்கிறேன்.

ஆலையின் பின்வேலியை ஒட்டி ஒரு தென்னந்தோப்பு. அதன் சொந்தக்காரர் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண். கணவர் இல்லை, ஒரே மகளை மூலனூரில் கட்டிக்கொடுத்திருந்தார். தோப்பும், ஒரு கறவை மாடும், நடுவில் ஒரு திறந்த கிணறும்தான் அவருடைய உலகம். குடிக்க, சமைக்க, மாட்டுக்கு, மரத்துக்கு, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு கிணறுதான். அந்த வட்டாரத்தில் போர் போட்டவர்களுக்கெல்லாம் உப்புத் தண்ணீர் வந்தபோதும் அவர் கிணறு இனித்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னை 'கண்ணு' என்று கூப்பிட்டு, ஒரு சொம்பு நீட்டிக் குடித்துப் பார்க்கச் சொல்வார். நான் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லும் வரைக்கும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன்.

அந்தக் கோடையில் கிணறு அடிமட்டத்துக்குப் போயிற்று. மரங்கள் மட்டையைத் தொங்கப் போட்டன. அப்போதுதான் அக்கா ஆலை கேட்டுக்கு வந்து மேனேஜரைப் பார்த்திருக்கிறார். அவராகவே கேட்டிருக்கிறார். "உங்க புண்ணாக்குத் தண்ணி சும்மாதான கெடக்குதுங்க, எங்க தென்னைக்கு உட்டீங்கன்னா புண்ணியமாப் போவுமுங்க." மேனேஜருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. என்ன செய்வது என்று தெரியாமல் நிறைந்து நின்ற தொட்டியைக் காலி பண்ண ஓர் ஆள், அதுவும் கும்பிட்டுக் கேட்கிற ஆள். மறுநாளே வேலிக்கு மேலாகக் கறுப்பு ஹோஸ் ஒன்று போய்விட்டது.

நான் அதைப் பார்த்தது மூன்றாவது நாள். பார்த்த மாத்திரத்தில் வேலியைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். கிணற்று மேட்டை ஒட்டிப் போகிற வாய்க்காலில் வெள்ளைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா மண்வெட்டியோடு மடை திருப்பிக்கொண்டிருந்தார். முகம் முழுக்கச் சந்தோஷம்.

"வா கண்ணு. பாத்தியா, எல்லா மரத்துக்கும் பாஞ்சிருச்சு."

"அக்கா, இத நிப்பாட்டுங்க. இது புண்ணாக்குத் தண்ணி இல்ல. ஆலைக் கழிவுக்கா இது."

"கழிவா? மோந்து பாரு கண்ணு, தேங்கா வாசம் வருது."

"வாசம் வரத்தான் செய்யும். எண்ணெய் கலந்திருக்கு, சோப்பு கலந்திருக்கு. மண்ணோட கண்ணையெல்லாம் அடைச்சிரும். சி.ஓ.டி. எவ்வளவு இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?"

அந்த வேகத்தில் நான் பேசிய பேச்சை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. வாய்க்கால் மேட்டில் நின்றுகொண்டு ஒரு விவசாயியிடம் ஆய்வக பாஷையில் கத்தினேன். சொல்லுதேன் கேளுங்க, சொல்லுதேன் கேளுங்க என்று வேறு இழுத்தேன். அக்கா மண்வெட்டியை ஊன்றி நின்றார். சிரிப்பு போய்விட்டது.

"எனக்குத் தண்ணியப் பத்திச் சொல்லாத கண்ணு. என்ற அப்பன் ஊடு ஆத்தோரம். எங்க கெணறு சாயத்துல செவப்பாப் போனத என்ற கண்ணால பாத்தவ நானு. காட்ட அப்படியே போட்டுட்டு வந்தோம். கெட்ட தண்ணி எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியறதுக்கு முன்னாலயே எனக்குத் தெரியும். இதுல கலர் இல்லியே."

அதோடு அவர் விடவில்லை. இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து, நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்து நீட்டினார். ஜெராக்ஸ். பெரிய தொட்டி, தேதி, பி.எச். ஏழு, என் கையெழுத்து.

"மேனேஜர் குடுத்தாரு. ஏழுன்னா நல்ல தண்ணிக்கு இருக்கற நெம்பராமா. நீதான எழுதிக் குடுத்துருக்கற? கையெழுத்து உன்றதுதான?"

"என்னோடதுதான். ஆனா அதுக்கு அது அர்த்தம் இல்லக்கா."

"பொறகென்ன கண்ணு? என்ற மரம் பச்சை புடிச்சா உனக்கு என்ன கஷ்டம்?"

அதைக் கேட்டதும் கோபித்துக்கொண்டு வந்துவிட்டேன். நல்லது சொல்லப் போனவளைப் பொறாமைக்காரி ஆக்கிவிட்டாரே என்று எனக்கு ரோஷம். பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று கூட மனதுக்குள் சொன்னேன். சொன்னேன், மறைத்துப் பயனில்லை.

நேராக மேனேஜரிடம் போய் மேஜையைத் தட்டினேன். என் சீட்டை யாரைக் கேட்டு வெளியில் கொடுத்தீர்கள் என்று கத்தினேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார், எனக்குத் தண்ணீர் வரவழைத்தார். "நீங்க எழுதுனது தப்புங்களா மேடம்?" என்றார். தப்பு இல்லை. "அவங்களா வந்து கேட்டு வாங்கிக்கறாங்க. வேண்டாம்னு சொன்னா, ஒரு பொம்பள காட்டக் காய உட்டுட்டாங்கன்னு ஊர்ல பேசுவாங்க பாருங்க." முதலாளியிடமும் போனேன். அவரும் விவசாயக் குடும்பம்தான், அவருக்கும் தோப்பு இருக்கிறது. "மேனேஜர்கிட்ட சொல்றனுங்க" என்றார். அவர் தோப்புக்கு அந்தத் தண்ணீர் ஒரு சொட்டுப் போகவில்லையே, ஏன் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். எனக்கு அது வீட்டுக்கு வரும் பஸ்ஸில்தான் தோன்றியது.

அதிகாரிகளுக்கு எழுதிப் போட்டிருக்கலாம். எழுதவும் உட்கார்ந்தேன். ஆனால் விசாரிக்க வந்தால் அவர்கள் கையில் முதலில் விழப்போவது என் கையெழுத்துப் போட்ட சீட்டு. வேலை போகும், போனால் வேறு எந்த ஈ.டி.பி.யும் எடுக்காது என்ற பயம் வந்தது. காகிதத்தை மடித்து வைத்தேன். கோபக்காரி என்று பெயரெடுத்தவர்களின் தைரியம் பல நேரம் தொண்டையோடு நின்றுவிடுகிறது.

ஹோஸ் நிற்கவில்லை, ஏழோடு நிறுத்தினால் போதும் என்று மேனேஜர் உத்தரவும் போட்டுவிட்டார். முதல் மாதம் தென்னை பச்சை பிடிக்கத்தான் செய்தது. காய்ந்து கிடந்த மரத்துக்கு ஈரம் எதுவானாலும் ஈரம். அக்கா வேலிப்பக்கம் என்னைப் பார்த்தால் மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்வார். மாடு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. தாழியில் அந்தத் தண்ணீரை ஊற்றி வைத்தாராம், மோந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டதாம். பழகிவிடும் என்று நாலு நாள் பார்த்திருக்கிறார், அது பழகவில்லை. பம்ப் ஆபரேட்டர் வந்து இதைச் சொன்னபோது, அந்த ஆலையில் மீட்டர் பிடிக்க வேண்டியது நானல்ல, அந்த மாடுதான் என்று தோன்றியது.

பிறகு மண் மாறியது. வாய்க்கால் ஓரம் சாம்பல் நிறத்தில் ஓர் ஏடு படிந்து, காய்ந்து, மெழுகு போல் இறுகியது. ஆடி கழிந்து ஒரு நல்ல மழை பெய்தது, அந்த மழைநீர் உள்ளே இறங்காமல் மரத்தடியில் இரண்டு நாள் நின்றது. மட்டைகள் நுனியிலிருந்து மஞ்சளாகின. கிணற்று மேட்டை ஒட்டியிருந்த வாய்க்கால் பொந்து விழுந்து உள்ளுக்குள் கசிந்துகொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

ஒரு நாள் காலையில் அக்கா ஒரு பிளாஸ்டிக் குடத்தோடு ஆலை கேட்டுக்கு வந்தார். நான் ஆய்வக ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டுக் கீழே இறங்கி வந்தேன். குடத்திலிருந்த கிணற்றுத் தண்ணீரில் காறிப்போன எண்ணெய் வாடை அடித்தது. குடித்தால் நாக்கில் ஒட்டுகிறது, சோறு பொங்கினால் சோறெல்லாம் அந்த வாடைதான் என்றார். மேனேஜர் ஒரு கண்ணாடி டம்ளர் வரவழைத்தார். குடத்திலிருந்து கொஞ்சம் ஊற்றி, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ரொம்பப் பணிவாகச் சொன்னார்.

"நீங்களே பாருங்கக்கா. கலர் எதுவுமே இல்லீங்களே."

அக்கா அந்த டம்ளரைப் பார்த்தார். வாய்க்கால் மேட்டில் அவர் என்னிடம் சொன்ன அதே வார்த்தை. நான் குறுக்கே புகுந்து, வாட்ச்மேனுக்கு, லோடு ஏற்றுகிறவர்களுக்கு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மேனேஜரைக் கிழித்தேன். "கெணத்தக் கெடுத்துட்டு டம்ளரத் தூக்கிக் காட்டுதீரே, நீரு இத ஒரு மடக்குக் குடிச்சிருவீரா?" என்று கேட்டேன். அவர் குடிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "மேடம் டென்ஷனா இருக்கறாங்க" என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். அன்று சாயங்காலத்துக்குள் ஹோஸ் சுருட்டப்பட்டது. மறுவாரம் முதல் பத்திலிருந்து இரண்டுக்கு இறங்கி, அங்கிருந்து ஏழுக்கு ஏற எனக்கு அனுமதி கிடைத்தது. ஒரு கிணற்றைக் கொடுத்து வாங்கிய அனுமதி அது. அக்கா அன்றைக்கு என்னைத் திரும்பிப் பார்க்காமல் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே அவர் வீட்டுக்குப் போனேன். ஆய்வகத்திலிருந்து ஒரு பீக்கரும், ஆசிட் நிரப்பிய சொட்டுக்குப்பியும் எடுத்துப் போயிருந்தேன். ஏன் எடுத்துப்போனேன் என்று கேட்டால் சரியான பதில் இல்லை. எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்க்கலாம், எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அக்கா வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கிணற்றிலிருந்து ஒரு வாளி இறைத்துக் கொடுத்தார்.

வாசலில் ஒரு ஸ்டூலின் மேல் பீக்கரை வைத்துத் தண்ணீரை ஊற்றினேன். லேசாகக் கலங்கியது போல் இருந்தது, அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. சொட்டுச் சொட்டாக ஆசிட்டை விட்டுக் கண்ணாடிக் குச்சியால் கலக்கினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தண்ணீர் தானாகப் பால் திரிவது போல் திரிந்தது. உள்ளிருந்து பொடிப்பொடியாக எண்ணெய் எழும்பி வந்து, மேலே பொட்டுப் பொட்டாகச் சேர்ந்து, பீக்கரின் விளிம்பைச் சுற்றி மஞ்சளாக ஒரு வளையம் கட்டியது. அக்கா குனிந்து, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"இதுக்குள்ளயா இருந்துச்சு இது?"

"ஆமாக்கா."

"அந்த வெள்ளத் தண்ணியிலயும் இப்படித்தான் வந்துருக்குமா?"

"இதைவிட நெறைய வந்திருக்கும்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"வாய்க்கா மேட்டுல நின்னுக்கிட்டு என்னென்னமோ சொல்லிக் கத்துனயே கண்ணு. இத ஒருக்கா செஞ்சு காட்டியிருந்தீன்னா நான் அன்னிக்கே மடைய அடைச்சிருப்பனே."

அன்றைக்கு வேலிக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில், இதே பீக்கரும் இதே குப்பியும் என் மேஜையில்தான் இருந்தன. தினமும் நான் செய்கிற வேலை இது. ரோஷப்பட எனக்கு நேரம் இருந்தது, மேஜையைத் தட்ட நேரம் இருந்தது. இதைச் செய்து காட்ட ஐந்து நிமிஷம் இல்லாமல் போயிற்று. தெரிந்தவள் என்கிற திமிரில், நான் சொன்னால் நம்ப வேண்டியதுதானே என்று நின்றிருக்கிறேன்.

அக்கா பீக்கரைக் கையில் எடுத்தார். கழுவின தண்ணீரோ மிச்சமான தண்ணீரோ எதுவானாலும் மரத்தடியில் ஊற்றிப் பழகின கை அது. வாசலில் இறங்கி, பக்கத்துத் தென்னையின் அடிக்குப் போய்ச் சாய்க்கப் போனவர் சட்டென்று நிறுத்தினார். மரத்தைப் பார்த்தார். திரும்பி வாய்க்கால் பக்கம் நாலடி வைத்தார், அங்கேயும் நின்றார். கிணற்றைப் பார்த்தார். பிறகு பீக்கரை இரண்டு கையிலும் ஏந்தியபடியே என்னிடம் திரும்பி வந்தார்.

"இத எங்க கண்ணு கொண்டுபோய் ஊத்தறது?"

அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இத்தனை வருஷமாக எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். அவருடைய கையிலிருந்து பீக்கரை வாங்கி, என் தண்ணீர் பாட்டிலைக் காலி செய்து, ஒரு சொட்டு கீழே சிந்தாமல் அதில் ஊற்றி மூடினேன். கிணற்றுக்குள் இருந்ததை என்ன செய்வது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.